எதிர்ப்பலகையில் வந்தமர்ந்த சண்முகவடிவு

தேவியோடு பகடையாடித் தன் பிறையையும் பாம்பையும் ஏறிவந்த விடையையும் ஒன்றன்பின் ஒன்றாக இழந்து, இழந்த வெறுங்கையோடும் புன்னகை குறையாமல் வீற்றிருந்தவன் எவனோ, ஆடுகிறவருக்குள்ளும் ஆட்டத்துக்குள்ளும் வேடிக்கை பார்க்கிறவருக்குள்ளும் ஒருங்கே உறைபவன் எவனோ, அவனுடைய திருவடி முதலில் நிற்க. அவனை வென்று, வென்றவற்றையெல்லாம் அவன் மேனியிலேயே திரும்ப அணிவித்த அம்மையின் வளைக்கரம் அடுத்து நிற்க. அவ்விருவர் முன்னிலையில், பொருநையாற்றின் தென்கரையில் உள்ள சேந்தன்குறிச்சி என்னும் ஊரில் நடந்ததை நடந்தபடியே சொல்லத் தொடங்கலாம்.

அவ்வூர்க் கோயிலில் இறைவனுக்குத் தோற்றருளிய நாதர் என்றும் இறைவிக்கு வென்றநாயகி என்றும் பெயர். ஆனித் திருவிழாவின் பத்தாம் நாள் இருவரையும் எதிரெதிரே எழுந்தருளச் செய்து, நடுவில் பட்டு விரித்துப் பகடை உருட்டுவார்கள். அம்மையின் சார்பில் ஒரு குருக்கள் காய்களை முன்னே செலுத்தி வெட்டுவார். சுவாமியின் சார்பில் மற்றொரு குருக்கள் காய்களைச் சேர்த்து வைத்துக் காப்பார். சுவாமி மூத்தவர், ஆகையால் காப்பார். அம்மை இளையவர், ஆகையால் அடிப்பார். இந்த வழக்கம் கோயிலிலிருந்து வீதிக்கு வந்து, வீதியிலிருந்து வீட்டுக்குள் வந்து, ஆடுபுலி, பல்லாங்குழி, சதுரங்கம் என்று எல்லாவற்றிலும் புகுந்து, கடைசியில் கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. இரண்டு பேர் ஆட உட்கார்ந்தால் சேந்தன்குறிச்சிக்காரர்கள் முதலில் கேட்பது வயது. மூத்தவர் காத்து ஆட வேண்டும், இளையவர் அடித்து ஆட வேண்டும். மூத்தவர் ஒருவர் முந்திக்கொண்டு அடித்தால், பந்தியில் பரிமாறும் முன்பே கை வைத்தவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்ப்பார்கள்.

கைப்பேசியில் அவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு ஏழரண் என்று பெயர். ஆளுக்கு ஏழு சுவர், எதிராளி பார்க்க முடியாதபடி கையில் சில சீட்டு. எதிராளியின் ஏழு சுவரையும் எவர் முதலில் இடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. முதல் முறையில் ஒரு விளக்கு, இரண்டாம் முறையில் இரண்டு, மூன்றாவதில் மூன்று என்று முறைக்கு ஒரு விளக்காகக் கூடும். சிறிய சீட்டை இறக்க ஒன்றிரண்டு விளக்கு போதும், பெரிய சீட்டுக்கு ஏழெட்டு விளக்கு எரிய வேண்டும். ஈட்டியாளை இறக்கினால் அவனைச் சுவருக்கு முன் காவல் நிறுத்தலாம், அல்லது எதிராளியின் சுவரை இடிக்க அனுப்பலாம்; இரண்டையும் ஒருசேரச் செய்ய முடியாது. ஆட்டம் இவ்வளவுதான். ஆனால் இவ்வளவுக்குள்ளே ஒரு மனிதரின் துணிவும் அச்சமும் முழுவதும் அடங்கிவிடும் என்பதை, பேருந்து நிலைய மாடியில் இருந்த ஏழரண் மன்றத்தில் ஒரு பிற்பகல் உட்கார்ந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

அந்த மன்றத்துக்கு நேர்கீழே இருந்த பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தாள் சண்முகவடிவு. வயது முப்பத்தொன்பது. கணவர் ஆறுமுகநயினார் அதே நிலையத்தில் பேருந்துகளுக்கு நேரம் குறிப்பவர். பதினோரு ஆண்டுகளுக்கு முன், திருமணத்துக்கு முன்பு, அவள் தென்மாவட்டங்களின் ஏழரண் போட்டியில் வென்று, கழுத்தில் மாலையோடு திறந்த ஜீப்பில் ஊருக்குள் வந்தவள். அதற்குப் பிறகும் அவள் ஆடுவதை நிறுத்தவில்லை. வாரத்தில் நான்கு நாள் மதிய உணவு முடித்து மாடிப்படி ஏறுவாள், ஆடுவாள், பெரும்பாலும் வெல்வாள். ஆனாலும் ஊர் அவளைப் பற்றிப் பேசும்போது, "அந்தக் காலத்து வடிவு இருந்தாளே" என்றுதான் தொடங்கும். எதிரே உயிரோடு நின்று பார்சலுக்கு ரசீது எழுதிக்கொண்டிருப்பவளிடமே, மறைந்த உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவளும் கேட்டுக்கொண்டு ரசீதைக் கிழித்துக் கொடுப்பாள்.

அவ்வாண்டு ஆனித் திருவிழா முடிந்த மறுநாள், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, மன்றத் தலைவர் உலகநாதன் வழக்கம்போல் சன்னலோரப் பலகையில் அமர்ந்து ஏழரணைத் திறந்தபோது, எதிர்ப்பலகையில் உலகநாதன் வந்து அமர்ந்தார். பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய உலகநாதன்; மீசை கறுப்பு, வயிறு உள்ளே, சட்டைப்பையில் அந்த நாளில் அவர் விடாமல் வைத்திருந்த சிவப்புச் சீப்பு, கையில் மூலை உடைந்த பழைய கைப்பேசி. இவர் அவரைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார். "ஆடுவமா வே" என்றார் வந்தவர். "ஆடுவோம்" என்றார் இருந்தவர். வயதில் மூத்தவர் காத்தார், இளையவர் அடித்தார், எட்டாம் முறையில் மூத்தவர் தோற்றார். தோற்றபின் வந்தவர் எழுந்து போவார் என்று பார்த்தால் போகவில்லை. "டீ சொல்லும்" என்று காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

அன்று மாலைக்குள் மன்றத்தின் நாற்பத்திரண்டு உறுப்பினர்களுக்கும் அவரவர் பதினோராண்டு முந்தையவர் வந்து எதிரே அமர்ந்தார். எல்லோரும் முறைப்படி காத்து ஆடினார்கள், எல்லோரும் தோற்றார்கள், வந்தவர்கள் எல்லோரும் தங்கிவிட்டார்கள். தோற்றால்தான் போவோம், வென்றவர் ஏன் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அதில் தவறு காண யாருக்கும் தோன்றவில்லை.

ஊர் வந்தவர்களுக்கு முன்னவர் என்றும் இருந்தவர்களுக்குப் பின்னவர் என்றும் பெயர் வைத்து ஏற்றுக்கொண்டது. படிக்கட்டின் கீழே டீக்கடை வைத்திருந்த பேச்சியம்மாள் நாற்பத்திரண்டு தம்ளர்கள் புதிதாக வாங்கி, முன்னவர்கள் அந்த நாளில் எத்தனை கரண்டிச் சர்க்கரை போட்டுக் குடித்தார்கள் என்பதை நினைவிலிருந்தே எடுத்து ஆற்றிக்கொடுத்தாள். சர்க்கரை நோய் வந்த பின்னவர்கள் பக்கத்தில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையற்காரர் தம் முன்னவரின் இடுப்பை அளந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. காணாமற்போன குடும்ப அட்டையைப் பற்றி ஒருவர் தம் முன்னவரிடம் விசாரித்தபோது, "அலமாரியிலதான இருக்கு" என்று அவர் பதில் சொன்னார். அவர் காலத்தில் அது அலமாரியில்தான் இருந்தது. கோயிலில் ஒரு சிக்கல் எழுந்தது. ஒரே பெயர், ஒரே நட்சத்திரம், ஆள் மட்டும் இரண்டு என்றால் அர்ச்சனை ஒன்றா இரண்டா என்று குருக்களிடம் கேட்டார்கள். அவர் கருவறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "கும்பிடுற கை நாலு இருக்கே. இரண்டாவே செய்துடலாம்" என்றார். மன்றத்தில் தலைவர் நாற்காலி ஒன்றுதான் இருந்தது. பதவிக்கு முதலில் வந்தவர் என்ற முறையில் முன்னவர் உலகநாதன் அதில் அமர்ந்தார். பின்னவர் உலகநாதன் முக்காலியில் அமர்ந்தார். இருவரும் ஒருவர் சொன்னதை ஒருவர் உடனே வழிமொழிந்ததால் கூட்டங்கள் ஐந்து நிமிடத்தில் முடிந்தன.

சண்முகவடிவுக்கும் வந்தாள் ஒருத்தி. இருபத்தெட்டு வயது, ஒற்றைப் பின்னல், அதில் கனகாம்பரம், நேராகப் பார்க்கும் பார்வை. மூன்று நாளில் மூன்று ஆட்டம் ஆடினார்கள். மூன்றிலும் சண்முகவடிவு தன் ஈட்டியாட்களையும் வில்லாட்களையும் சுவருக்கு முன் வரிசையாக நிறுத்திக் காத்தாள். மூன்றிலும் எட்டாவது விளக்கு எரிந்ததும் முன்னவள் கல்யானை என்னும் பெரிய சீட்டை இறக்கினாள். ஆட்டத்தை உண்டாக்கியவர்கள் கல்யானையின் வலிமையை இடையில் ஒரு வருடம் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஆனால் முன்னவர்களின் பழைய கைப்பேசிகளில் அது பழைய வலிமையோடேயே இருந்தது. ஒரே மிதியில் காவல் முழுவதையும் துடைத்து மூன்று சுவரை இடிக்கும். அடுத்த மிதியில் இன்னும் மூன்று. அதற்குமேல் இடிக்க ஏதும் மிஞ்சாது.

அவள் வீட்டுக்கும் முன்னவள் வந்தாள். வேறு எங்கே போவாள். அவளுக்கு ஆறுமுகநயினார் அயலார். எதிரில் வந்தால் ஒதுங்கி நின்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்த ஒதுக்கத்தைக் கண்டு நயினாருக்கு என்ன ஆயிற்றோ, புதன்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் எண்ணெய் தடவி, கூடத்தில் வந்து நின்று, "நல்லா தூங்கினியளா" என்று பன்மையில் கேட்டார். அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த சண்முகவடிவு கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"எனக்குக் கேக்கலியே அந்தக் கேள்வி" என்றாள்.

"ஒன்னயத்தான் தெனமும் பாக்கேன்."

"அவளயுந்தான் பாத்திருக்கிய. நாந்தான அவ."

நயினார் சட்டைக்கையை நீவிக்கொண்டே சொன்னார். "இல்ல ஏட்டி, ஒரு இதுக்குச் சொல்லுதேன். அந்தக் காலத்து வடிவு எப்பிடி இருப்பான்னு எனக்கு மறந்தே போச்சு பாத்துக்கோ."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனாலேயே அது அவளுக்குத் தைத்தது. தோசை ஒரு பக்கம் தீய்ந்தது. தீய்ந்ததை அவருக்கே வைத்தாள்.

அன்று மாலை மன்றம் கூடியது. திருச்சியில் மாநிலப் போட்டி. ஊருக்கு ஒருவர் போகலாம். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் பெயரைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் அந்த இடம் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மேலக்கல்லூரணிக்குப் போய்விடும். மேலக்கல்லூரணிக்குப் போவதைவிட ஆற்றில் போவது மேல் என்பது இரு உலகநாதன்களின் ஒருமித்த கருத்து.

"போனவாரம் வரைக்கும் வடிவு போறதாத்தான் இருந்துது" என்றார் பின்னவர் உலகநாதன். "நான் இல்லன்னு சொல்லல."

"ஆனா தன்னையே செயிக்காத ஆள எந்த மூஞ்சிய வச்சி அனுப்ப" என்றார் முன்னவர் உலகநாதன்.

"அதயேதான் நானும் சொல்ல வந்தேன்."

"அதனால அந்தக் காலத்து வடிவயே அனுப்பிருவோம். மூணு நாளா எல்லார் ஆட்டத்தயும் பாத்தேன். அவளுக்கு இணை கெடயாது."

அடையாள அட்டைக்கு என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். பெயர் ஒன்று, பிறந்த நாள் ஒன்று, கைரேகை ஒன்று. சண்முகவடிவின் வாக்காளர் அட்டையை வாங்கி இருவர் முகத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த படம். ஒற்றைப் பின்னலும் நேர்ப்பார்வையுமாக, அது முன்னவளைப்போலவே இருந்தது. அட்டை கைமாறிக் கைமாறி நாற்பத்திரண்டு பேரும் பார்த்துத் தலையசைத்தபோது, சண்முகவடிவுக்குத் தன் பெயரைத் தன் கண்ணெதிரே வேறொருத்திக்குச் சூட்டுவதுபோல் இருந்தது. இன்று போட்டியில் இவள் பெயரால் அவள் போவாள். நாளை அலுவலக நாற்காலியில் இவள் பெயரால் அவள் உட்காருவாள். அதற்கடுத்த நாள் வீட்டிலும்.

"வெள்ளிக்கெழம காலைல இன்னொரு ஆட்டம் குடுங்க அண்ணாச்சி" என்றாள் அவள். "தோத்தா நானே அட்டையக் குடுத்திருதேன்."

"நாலாவது தடவையுமா தோக்கணும் ஒனக்கு" என்றார் முன்னவர் உலகநாதன்.

முன்னவள் சுவரில் சாய்ந்தபடி டீயைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டிருந்தாள். "ஆடட்டும் அண்ணாச்சி. எனக்கென்ன" என்றாள். அந்தக் குரலில் இருந்த அலட்சியத்தைச் சண்முகவடிவு அடையாளம் கண்டுகொண்டாள். ஒரு காலத்தில் அதை அவள் கம்பீரம் என்று நினைத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, சென்னைப் பேருந்தில் ஏற்ற வேண்டிய சரக்கு அலுவலக வாசலில் குவிந்திருந்தது. ஒருபுறம் ஈரத்துணி போர்த்திய பிச்சிப்பூக் கூடைகள். மறுபுறம் பட்டறையிலிருந்து வந்த இரும்புக் கம்பிக் கட்டுகள். முதல் பேருந்தில் இடம் குறைவு. சுமை ஏற்றும் மாடசாமி தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே கேட்டான்.

"எத மொதல்ல ஏத்தக்கா?"

"பூவ ஏத்து. இரும்பு எங்க போயிரப் போகுது."

இந்தப் பதிலை அவள் பதினெட்டு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறாள். கையெழுத்துப் போடுவதுபோல் யோசிக்காமலே சொல்லுவாள். அன்று சொல்லி முடித்தபின் பேனாவைப் பிடித்த கை ரசீதின்மேல் அப்படியே நின்றது. கூடைகளையும் பார்த்தாள், கம்பிகளையும் பார்த்தாள். நேரம் போகப்போகப் பூ வாடும். நேரம் போகப்போக இரும்புக்கு ஒன்றும் ஆகாது. தன்னுடைய சீட்டுகள் எவை? ஈட்டியாள், வில்லாள், ஓட்டக்காரன்: இந்த ஆண்டுப் புதுச் சீட்டுகள், ஒன்றிரண்டு விளக்குக்கு வருபவை, வந்த அடுத்த முறையே பாயக்கூடியவை, எட்டாம் முறைக்குப் பிறகு எதற்கும் ஆகாதவை. இந்தப் பூவை மூன்று நாளும் வாசலில் அடுக்கி வைத்துக்கொண்டல்லவா அவள் இரும்பின் வரவுக்குக் காத்திருந்தாள்.

கைப்பேசியை எடுத்து, பழைய மூன்று ஆட்டங்களையும் முறைமுறையாக ஓடவிட்டுப் பார்த்தாள். முதல் ஆட்டத்தில் ஏழாம் முறை முடியும்வரை முன்னவள் இடித்தது இரண்டே சுவர். இரண்டாம் ஆட்டத்திலும் இரண்டு. மூன்றாவதில் ஒன்று. மற்றவை எல்லாம் கல்யானை வந்தபின் விழுந்தவை. அடித்து ஆடுகிறவள் என்று ஊர் முழுக்கப் பெயர் எடுத்தவள், உண்மையில் உட்கார்ந்து எட்டாவது விளக்குக்காகக் காத்திருந்தாள். அந்தக் காலத்து ஆட்டத்தில் அது வேகமாக இருந்திருக்கும். அந்தக் காலத்தில் மற்றவர்கள் இன்னும் மெதுவாக ஆடினார்கள். நாற்பத்திரண்டு பேருக்கும் தங்கள் இளமை வேகமானது என்று நினைவு. மூத்தவர் காக்க வேண்டும் என்று வழக்கம். இந்த இரண்டும் சேர்ந்து, காலம் போனால் யாருக்கு ஆதாயம் என்ற ஒரு கேள்வியைக் கேட்கவிடாமல் ஓர் ஊரையே தோற்க வைத்திருந்தன.

"அக்கா, வண்டி கெளம்பப் போகுது, ரசீது" என்றான் மாடசாமி.

அவள் எழுதிக் கொடுத்தாள். அன்று முழுவதும் அவள் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்து, ஊதிய உயர்வு வந்துவிட்டதோ என்று பக்கத்து மேசைக்காரர் கவலைப்பட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மன்றத்தில் நிற்க இடமில்லை. முன்னவர்கள் ஒருபுறமும் பின்னவர்கள் ஒருபுறமும் நெருக்கியடித்து நிற்க, சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் ஆட்டம் தெரிய, நயினார் பேருந்துகளுக்கு நேரம் குறிக்கும் ஏட்டோடு வாசற்படியில் நின்றார். சண்முகவடிவு குளித்து, திருநீறு இட்டு, சுவாமி தோற்ற கதையை ஒருமுறை மனத்துக்குள் ஓதி, வந்து அமர்ந்தாள். முதல் முறை அவளுக்கு விழுந்தது. கையில் வந்த சீட்டுகளில் ஒன்று சுரங்கம்; ஒரே ஒரு வீரனைக் காவலுக்கு அடியால் கொண்டுபோய்ச் சுவரைத் தொடவைக்கும் சீட்டு.

முதல் முறையில் ஓர் ஓட்டக்காரனை இறக்கினாள். இரண்டாம் முறையில் அவனைக் காவல் நிறுத்தாமல் அனுப்பினாள். முன்னவளின் ஒரு சுவர் விழுந்தது.

மன்றத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "என்ன இது, மூத்தவ அடிக்கா" என்றார் ஒருவர். "காக்க மறந்து போயி அடிச்சிட்டாளோ" என்றார் இன்னொருவர். மூன்றாம் முறையிலும் ஒரு சுவர், நான்காம் முறையிலும் ஒரு சுவர். அவளுடைய ஏழு சுவருக்கு முன்னும் ஒரு காவலாள்கூட இல்லை. கதவு திறந்த வீடுபோல் அவள் பக்கம் வெறிச்சென்று கிடந்தது.

"மரியாத கெட்ட ஆட்டம்" என்றார் முன்னவர் உலகநாதன், நாற்காலியிலிருந்து.

"மரியாதைய நாளைக்குப் பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்றாள் சண்முகவடிவு, திரையிலிருந்து கண் எடுக்காமல்.

முன்னவள் டீத் தம்ளரைக் கீழே வைத்தாள். வந்த நாளிலிருந்து அவள் தம்ளரைப் பாதியில் வைத்தது அதுவே முதல் தடவை. அவளும் குதிரைவீரர்களை இறக்கி அனுப்பத் தொடங்கினாள். திறந்து கிடந்த சுவர்கள் இந்தப் பக்கமும் விழுந்தன; ஒன்று, இரண்டு.

ஐந்தாம் முறையில் முன்னவள் ஒரு குதிரையைக் காவலுக்கு இழுத்திருந்தாள். சுரங்கத்தைப் போட்டால் இப்போதே ஒரு சுவர் கூடுதலாக விழும். சண்முகவடிவின் விரல் அந்தச் சீட்டின்மேல் போய் நின்றது. இப்போது விழும் சுவர் இனிப்பு; ஆனால் கடைசிச் சுவர் என்று ஒன்று வரும்போது இவள் என்ன செய்வாள்? இவள் என்ன செய்வாள் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பலகையில்தான் அமர்ந்திருந்தாள். விரலை நகர்த்தி, சுரங்கத்தைத் தொடாமல், இரண்டு வில்லாட்களை மட்டும் அனுப்பினாள். ஒருவனைக் குதிரை தடுத்தது, ஒருவன் இடித்தான். நான்கு.

ஆறாம் முறையில் ஐந்தாவது சுவர் விழுந்தது. பதிலுக்கு முன்னவள் ஒரே முறையில் இரண்டு சுவரை இடித்தாள். இப்போது சண்முகவடிவிடம் மூன்றே சுவர். எதிரே மூன்று குதிரைகள் கனைத்துக்கொண்டு நின்றன.

ஏழாம் முறை. எல்லோருக்கும் கணக்குத் தெரிந்தது. இருக்கும் ஆட்களைக் காவல் நிறுத்தினால் இந்த முறை பிழைக்கலாம்; ஆனால் அடுத்து வரும் எட்டாவது விளக்கில் கல்யானை இறங்கும், அதோடு கதை முடியும். காவல் நிறுத்தாமல் அடித்தால் ஆறாவது சுவர் விழும். ஆனால் மூன்று குதிரைகளும் மூன்று சுவர்மேல் பாய்ந்தால் அந்த நொடியே கதை முடியும்.

"காத்துக்கோ ஏட்டி" என்றார் நயினார் வாசற்படியிலிருந்து, தம்மை அறியாமல். அவர் எந்த வடிவைப் பார்த்துச் சொல்கிறார் என்பதில் இப்போது யாருக்கும் ஐயமில்லை.

சண்முகவடிவு நிமிர்ந்து எதிரே பார்த்தாள். கனகாம்பரம், ஒற்றைப் பின்னல், நெற்றியில் புதிதாக ஒரு சிறு வியர்வை. இருபத்தெட்டு வயதில் தோல்வி என்பதை அவள் எவ்வளவு அஞ்சினாள் என்பதும், அந்த அச்சத்தை எவ்வளவு அழகாக மறைத்தாள் என்பதும், ஜீப்பில் மாலையோடு வந்தபோதுகூட அடுத்த ஆட்டத்தை எண்ணி உள்ளங்கை ஈரமாய் இருந்தது என்பதும், ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் இவளுக்கு மட்டும் தெரிந்தவை. அந்தப் பெண்மேல் அவளுக்கு அந்தக் கணத்தில் கோபம் இல்லை. ஆட்களை எல்லாம் அனுப்பினாள். ஆறாவது சுவர் விழுந்தது.

முன்னவள் நெடுநேரம் திரையைப் பார்த்தாள். குதிரைகளைத் தொட்டாள், விட்டாள், மறுபடி தொட்டாள். பாய்ந்தால் இப்போதே வெற்றி; ஆனால் எதிராளியின் கையில் மறைந்திருக்கும் சீட்டு ஒன்று ஒரு குதிரையைத் தடுத்துவிட்டால், தன் கடைசிச் சுவர் திறந்து கிடக்கும். பிறகு மூன்றையும் பின்னுக்கு இழுத்து, தன் கடைசிச் சுவருக்கு முன் தோளோடு தோளாக நிறுத்திவிட்டு, மூச்சை விட்டாள். அடுத்த முறை எட்டாவது விளக்கு.

ஆனால் அதற்கு முன் சண்முகவடிவின் எட்டாவது முறை இருந்தது. அவள் சுரங்கத்தைப் போட்டாள். ஓட்டக்காரன் ஒருவன் மூன்று குதிரைகளின் குளம்புக்கு அடியில் புகுந்து, சுவருக்கு அப்பால் எழுந்தான். திரையில் ஏழாவது சுவர் சரிந்த ஓசை, சிறிய கைப்பேசியின் சிறிய ஓசைதான். ஆனால் கீழே டீ ஆற்றிக்கொண்டிருந்த பேச்சியம்மாளுக்கும் அது கேட்டது என்று சொல்வார்கள்.

யாரும் கைதட்டவில்லை. முன்னவள்தான் முதலில் பேசினாள்.

"அந்தச் சுரங்கம் எப்பலேர்ந்து ஒன் கைல இருந்துது?"

"மொதல் முறைலேர்ந்து."

"நானா இருந்தா அஞ்சாவதுலயே போட்டிருப்பேன்."

"தெரியும்."

"ஏழாவதுல நான் மூணு குதிரையயும் விட்டிருந்தா?"

"தோத்திருப்பேன்."

"விடமாட்டேன்னு எப்பிடித் தெரியும்?"

"நீ ஒருநாளும் கடைசிச் சுவரத் தெறந்து போட்டதில்ல. பயம்."

முன்னவள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நரைத்த வகிட்டை, பேனா மை படிந்த விரலை, ஓரம் நைந்த பருத்திப் புடவையை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். அவள் அழப்போகிறாள் என்று சிலர் நினைத்தார்கள். அவள் பின்னலை முன்னே எடுத்துப் போட்டுக்கொண்டு, சபையைப் பார்த்துத் திரும்பி, எண்பதுக்கும் மேற்பட்ட அந்தக் கண்ணிணைகளுக்கு முன்னால், சண்முகவடிவின் தோளில் கை வைத்து, ஜீப்பில் வந்த நாளிலும் அவள் குரலில் இல்லாத பெருமிதத்தோடு சொன்னாள்.

"பாத்துக்கிடுங்க. இது நாந்தான்."

சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வாசற்படியில் நின்ற நயினார் வழிவிட்டு ஒதுங்கினார். பேச்சியம்மாள் கடை வரை அவள் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்கப்பால் பார்த்தவர்கள் இல்லை.

பின்னவர் உலகநாதன் முக்காலியிலிருந்து எழுந்து வந்து வாக்காளர் அட்டையைச் சண்முகவடிவிடம் இரு கையாலும் நீட்டினார். "பேர எழுதிருதேன்மா. மணி பதினொண்ணுகூட ஆகல."

"படத்த மாத்தணும் அண்ணாச்சி. அதுல இருக்கது பழய ஆளு" என்றாள்.

அடுத்த வாரத்தில் ஊர் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அடித்து ஆடத் தொடங்கியது. மூத்தவர் அடிக்கலாமா என்ற வழக்கைக் கோயிலுக்கே கொண்டுபோனார்கள். குருக்கள் சிரித்துவிட்டு, ஒவ்வோர் ஆண்டும் காத்துக் காத்துத் தோற்கிற சுவாமியின் விருப்பத்தை யாரும் இதுவரை கேட்டதில்லை என்று மட்டும் சொன்னார். முன்னவர்கள் ஒவ்வொருவராகத் தோற்றுப் படியிறங்கினார்கள். தையற்காரர் தம் முன்னவரை இரண்டே நாளில் வென்று அனுப்பினார். உலகநாதன் மட்டும் தம் முன்னவரை வெல்ல அவசரப்படவில்லை. தாம் சொல்வதை உடனே ஒப்புக்கொள்ளும் ஆள் இனிக் கிடைப்பது அரிது என்று அவருக்குத் தெரியும். ஆடி மாதம் பிறந்தபின்தான் மனமில்லாமல் வென்றார்.

சண்முகவடிவு திருச்சிக்குப் போனாள். முதல் பேருந்தின் நேரத்தை நயினாரே குறித்தார். குறித்துவிட்டு, சன்னல் அருகே வந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்று, "போயிட்டு வாங்க" என்றார், பன்மையில். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திருச்சி மண்டபத்தில் முதல் ஆட்டத்துக்கு அவள் எதிரே வந்து அமர்ந்தவள் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவி. படபடவென்று பேசினாள், கைவிரல் நிற்கவில்லை. சேந்தன்குறிச்சியிலிருந்து வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்த பதினான்கு பேரும், புதிதாகக் கற்றதை நினைத்துக்கொண்டு, அடி, அடி என்று உதட்டுக்குள் சொன்னார்கள். சண்முகவடிவு கையில் வந்த சீட்டுகளைப் பார்த்தாள், எதிராளி இறக்கிய முதல் சீட்டைப் பார்த்தாள், காலம் போனால் யாருக்கு ஆதாயம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். விடை இம்முறை வேறாக இருந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து அமர்ந்து, தன் ஈட்டியாளைச் சுவருக்கு முன்னே நிறுத்திவிட்டு, "நீ வா தாயீ" என்றாள், அவசரமே இல்லாமல்.

இதனைக் கேட்டவர் எவரோ, கேட்டுப் பிறர்க்குச் சொன்னவர் எவரோ, அவர்கள் கையில் வரும் சீட்டு எதுவாயினும் அதற்குரிய நேரத்தை அறியும் அறிவு அவர்களுக்கு வாய்க்க. தாம் முன்பு இருந்தவரோடு எதிரெதிர் அமர நேர்ந்தால், அவரைப் பழிக்காமலும் அவருக்கு அஞ்சாமலும் ஆடும் உரம் வாய்க்க. தோற்றருளிய நாதரும் வென்றநாயகியும் அவர்கள் இல்லத்தில் எந்நாளும் எதிரெதிரே வீற்றிருந்து, அவர்கள் வாழ்நாள் முழுவதும் விளக்குக்கு மேல் விளக்காக ஏற்றியருள்க.